கொரிய மருத்துவர்களின் கேஸ் ரிப்போர்ட்டுகளும் ஆய்வுகளும்: தேடிப் பிடித்து, சரியாகப் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

தென் கொரியாவிலிருந்து வரும் மருத்துவக் கட்டுரைகளை நம்மில் பலர் இரண்டு விதமாகப் படிக்கிறோம். ஒன்று, "பத்து லட்சம் பேரை ஆராய்ந்திருக்கிறார்கள்" என்ற மலைப்பில் அப்படியே ஏற்றுக்கொள்வது. இன்னொன்று, "அது அந்த ஊர் கதை" என்று ஒதுக்குவது. இரண்டுமே தப்பு. அந்த நாட்டின் இன்சூரன்ஸ் எப்படி நடக்கிறது, ஸ்கேன் யார் காசில் எடுக்கப்படுகிறது, குளிர்காலத்தில் வீட்டை எப்படிச் சூடாக்குகிறார்கள் என்பதெல்லாம் தெரிந்தால்தான் ஓர் அட்டவணையின் அர்த்தம் பிடிபடும். பிஜி மாணவர்கள், மருத்துவச் செய்தி எழுதுபவர்கள், வீட்டில் ஒருவருக்கு அரிய நோய் என்று கேட்டுவிட்டு இரவெல்லாம் தேடுபவர்கள் என எல்லோருக்கும் இந்த வரிசை உதவும்.

படி 1: எங்கே தேடுவது

முதலில் பப்மெட், அதாவது மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் இலவச இணையத் தரவுத்தளம். நோயின் பெயரோடு 'கொரியா' என்ற சொல்லை ஆசிரியர் முகவரிக் களத்தில் மட்டும் தேடும்படி கொடுங்கள். இடப்பக்க வடிகட்டியில் 'கேஸ் ரிப்போர்ட்ஸ்' (ஒன்றிரண்டு நோயாளிகளைப் பற்றிய விரிவான அறிக்கை) வகையைத் தேர்ந்தெடுங்கள். இதில் ஒரு பொறி உண்டு. 2013 வரை பப்மெட் முதல் ஆசிரியரின் முகவரியை மட்டுமே பதிவு செய்தது. 2014-இலிருந்துதான் எல்லா ஆசிரியர்களின் முகவரியும் சேர்ந்தது. எனவே பழைய கட்டுரைகளைத் தேடும்போது முகவரித் தேடலை மட்டும் நம்பினால், வெளிநாட்டவர் முதல் ஆசிரியராக இருந்த கூட்டுக் கட்டுரைகள் தவறிப்போகும். 'சியோல்', 'பூசான்', 'டேகு' என்று ஊர்ப் பெயர்களையும் தலைப்பு, சுருக்கம் இரண்டிலும் தேடுங்கள்.

அடுத்தது கொரியாமெட். கொரிய மருத்துவ இதழாசிரியர்களின் சங்கம் நடத்தும் தரவுத்தளம் இது. பப்மெட்டில் இடம் பெறாத உள்நாட்டு இதழ்கள் பல இதில் கிடைக்கும். இதன் கூடவே இருக்கும் சினாப்ஸ் தளத்தில் முழுக் கட்டுரையையும் பெரும்பாலும் இலவசமாகப் படிக்கலாம். ஜர்னல் ஆஃப் கொரியன் மெடிக்கல் சயின்ஸ், 1960-இல் தொடங்கிய யோன்செய் மெடிக்கல் ஜர்னல், கொரியன் ஜர்னல் ஆஃப் ரேடியாலஜி ஆகியவை ஆங்கிலத்திலேயே வருகின்றன. இதழ்களின் பெயர் மாற்றத்தைக் கவனியுங்கள். கொரியன் ஜர்னல் ஆஃப் பீடியாட்ரிக்ஸ் 2020-இலிருந்து கிளினிக்கல் அண்ட் எக்ஸ்பெரிமென்டல் பீடியாட்ரிக்ஸ் ஆனது. ஒட்டுண்ணியியல் இதழும் 2023-இல் பெயர் மாறியது. பழைய பெயரிலேயே தேடிவிட்டு "இதழ் நின்றுவிட்டது போல" என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

கொரிய மொழியிலேயே உள்ள கட்டுரை என்றாலும் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் சுருக்கம், அட்டவணைகள், படக்குறிப்புகள் ஆங்கிலத்தில்தான் இருக்கும். நடுப்பகுதிக்கு மட்டும் மொழிபெயர்ப்பு மென்பொருளை ஓட்டினால் போதும். கொரிய வாக்கியமும் தமிழ் மாதிரியே கடைசியில்தான் வினையை வைக்கும். 'இல்லை' என்பதும், 'என்று கருதப்படுகிறது' என்பதும் வாக்கியத்தின் வாலில்தான் வரும். நீண்ட வாக்கியங்களில் மென்பொருள் அந்த வாலைத்தான் முதலில் கோட்டைவிடும். "வைரஸ்தான் காரணம்" என்று மொழிபெயர்ப்பு சொன்னால், மூலத்தில் "காரணமாக இருக்கலாம் என்று எண்ணுகிறோம்" என்று இருந்திருக்கக்கூடும். முக்கியமான வாக்கியத்தை உடைத்து, துண்டு துண்டாகக் கொடுத்துச் சரிபாருங்கள்.

படி 2: இந்த லீ எந்த லீ?

கிம், லீ, பார்க் என்ற மூன்று குடும்பப் பெயர்களிலேயே கொரிய மக்களில் சுமார் 45% பேர் அடங்கிவிடுவார்கள். "கிம் ஜே" என்று தேடினால் கடல்தான். போதாக்குறைக்கு ஒரே பெயரை ஆங்கிலத்தில் பலவிதமாக எழுதுவார்கள். நாம் லீ என்று படிக்கும் பெயரே யீ, ரீ என்றும் வரும். ஜங், ஜியோங், சுங் மூன்றும் ஒரே எழுத்திலிருந்து வந்திருக்கலாம். ஒரே குழுவின் தொடர்ச்சியான ஆய்வுகளைப் பிடிக்க வேண்டுமென்றால் ஒவ்வோர் ஆய்வாளருக்கும் தனியாக உள்ள ஆர்கிட் அடையாள எண்ணைப் பிடியுங்கள். அது இல்லாவிட்டால் மருத்துவமனை, துறை, கடிதத் தொடர்பு ஆசிரியர் மூன்றையும் சேர்த்துப் பாருங்கள்.

இதை ஏதோ நூலக வேலை என்று தள்ளிவிடக் கூடாது. ஒரே மருத்துவமனையிலிருந்து ஒரே நோயாளியைத் தோல் துறை ஒரு கட்டுரையாகவும், நோய்க்குறியியல் துறை இன்னொரு கட்டுரையாகவும் எழுதுவது எல்லா நாட்டிலும் நடக்கிற சங்கதி. வயது, பால், அனுமதிக்கப்பட்ட மாதம், கட்டியின் அளவு ஆகிய நான்கும் ஒத்துப்போனால் அவர் பெரும்பாலும் ஒரே ஆள்தான். அதைக் கவனிக்காமல் "இதுவரை ஆறு பேர்" என்று எண்ணினால் கணக்கே பிசகும்.

படி 3: கேஸ் ரிப்போர்ட்டை எந்த வரிசையில் படிப்பது

முன்னுரையில் தொடங்காதீர்கள். முதலில் படங்கள். ஸ்கேன், திசுப்படம், தோல்படம் ஆகியவற்றைக் குறிப்பு படிக்காமல் பாருங்கள். உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று ஒரு வரி எழுதிக்கொண்டு அப்புறம் குறிப்பைப் படியுங்கள். அடுத்து காலவரிசை. முதல் அறிகுறி எந்த நாள், மருந்து எந்த நாள், முன்னேற்றம் எந்த நாள் என்று பாருங்கள். மருந்து தொடங்குவதற்கு முன்பே காய்ச்சல் இறங்கத் தொடங்கியிருந்தால், அந்த மருந்தைப் பற்றிய மீதிப் புகழுரையைப் படிக்கத் தேவையில்லை. மூன்றாவதாக, வேறு எந்தெந்த நோய்களை எந்தப் பரிசோதனையால் விலக்கினார்கள் என்பது. நான்காவதாக, எத்தனை மாதம் தொடர்ந்து கண்காணித்தார்கள் என்பது. கலந்துரையாடல் பகுதி கடைசியில்தான். கேஸ் ரிப்போர்ட்டில் என்னென்ன இருக்க வேண்டும் என்று 2013-இல் வந்த 'கேர்' நெறிமுறை 13 அம்சங்களைப் பட்டியலிடுகிறது. காலவரிசை, நோயாளியின் பார்வை, சம்மதம் ஆகிய மூன்றும்தான் அதிகம் விடுபடுகின்றன.

"கொரியாவில் முதல் நோயாளி" என்ற தலைப்பு நிறைய வரும். முதலில் வந்த நோயாளி என்று அதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. அவர்கள் தேடிய தரவுத்தளத்தில் முதலில் அச்சேறியவர், அவ்வளவுதான்.

அலகுகளில் கவனம் வேண்டும். கொரிய அறிக்கைகளில், உடலின் அழற்சியைக் காட்டும் சிஆர்பி அளவு பெரும்பாலும் டெசிலிட்டருக்கு மில்லிகிராமில் இருக்கும். நம் ஊர் லேப்கள் லிட்டருக்கு மில்லிகிராமில் தருகின்றன. அங்கே 12 என்றால் இங்கே 120. இதைத் தெரியாமல் "சிஆர்பி வெறும் 12, அதற்குள் ஐசியூவா?" என்று வியப்பவர்கள் உண்டு. தட்டணுக்களை 'ஆயிரங்களில்' எழுதுவார்கள். 150 என்றால் நம் பேச்சு வழக்கில் ஒன்றரை லட்சம். சர்க்கரை டெசிலிட்டருக்கு மில்லிகிராமில் இருப்பதால் தமிழ்நாட்டு வாசகருக்குச் சிக்கலில்லை. மில்லிமோல் கணக்குக்குப் பழகியவர்கள் 18-ஆல் வகுக்க வேண்டும். 'உடல்பருமன்' என்று கொரியக் கட்டுரை சொன்னால் பிஎம்ஐ 25-உம் அதற்கு மேலும் என்று பொருள். மேற்கத்தியக் கட்டுரைகளின் 30 அல்ல. இடுப்புச் சுற்றளவுக்குப் பெண்களுக்கு அவர்கள் வைத்திருக்கும் எல்லை 85 செ.மீ. நம் நாட்டில் 80.

கட்டுரையைச் சேமிக்கும் முன் அது திரும்பப் பெறப்பட்டதா என்று ஒரு தரம் பாருங்கள். சயின்ஸ் இதழில் 2004, 2005-இல் வந்த ஹ்வாங் வூ-சுக் குழுவின் குருத்தணு (ஸ்டெம் செல்) கட்டுரைகள் போலியென்று தெரிந்து 2006 ஜனவரியில் நீக்கப்பட்டன. நீக்கப்பட்ட கட்டுரை இணையத்திலிருந்து மறைந்துவிடாது. பிடிஎஃப் கோப்பு பழையபடியே சுற்றிக்கொண்டிருக்கும். பப்மெட் பக்கத்தின் மேலே உள்ள எச்சரிக்கைப் பட்டைதான் அடையாளம்.

ஒரு கேஸ் தொடரை அருகில் வைத்துப் பார்ப்போம்

கொரிய மருத்துவ இலக்கியத்தில் ஒன்றே ஒன்றைப் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

2006-இன் தொடக்க மாதங்களில் குழந்தைகளுக்கு வந்த ஒரு விநோத நுரையீரல் நோயைப் பற்றி 2008-இல் கொரியன் ஜர்னல் ஆஃப் பீடியாட்ரிக்ஸில் ஒரு கட்டுரை வந்தது. இருமலில் தொடங்கும், மூச்சுத்திணறல் சில வாரங்களில் முற்றும், ஆன்டிபயாடிக்கும் ஸ்டீராய்டும் கைகொடுக்காது. நுரையீரலிலிருந்து காற்று கசிந்து நெஞ்சுக்கூட்டுக்குள் பரவும். 2009-இல் நாடு தழுவிய கணக்கெடுப்புக் கட்டுரையும் அதே இதழில் வந்தது. மருத்துவர்கள் வைரஸைத் தேடினார்கள். கொத்தாக, ஒரே பருவத்தில், குழந்தைகளுக்கு வந்தால் யாராக இருந்தாலும் வைரஸைத்தான் தேடியிருப்பார்கள்.

2011 வசந்தத்தில் சியோலின் ஒரு பெரிய மருத்துவமனை ஐசியூவில் அதே படம் பெரியவர்களிடம் தெரிந்தது. பலர் கர்ப்பிணிகள் அல்லது அண்மையில் பிரசவித்தவர்கள். மருத்துவமனை அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையத்துக்குத் தகவல் சொன்னது. நோய் வந்தவர்களையும் வராதவர்களையும் ஒப்பிடும் ஓர் ஆய்வு நடந்தது. ஆகஸ்ட் இறுதியில் விடை வெளியானது: அறைக் காற்றை ஈரமாக்கும் ஹியூமிடிஃபயர் கருவியின் தண்ணீரில் கலக்கும் கிருமிநாசினி. அதைப் பயன்படுத்தியவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு விகிதம் (பயன்படுத்தாதவர்களோடு ஒப்பிட்டால் எத்தனை மடங்கு என்ற கணக்கு) 47.3 என்று கணக்கிட்டார்கள். நவம்பரில் பொருட்களைத் திரும்பப் பெற உத்தரவு வந்தது. இந்த வகைக் கிருமிநாசினி 1994-இலிருந்து கடைகளில் இருந்தது.

இப்போது திரும்பிப் பார்த்தால் துப்புகள் எல்லாம் பழைய அறிக்கைகளிலேயே கிடந்தன.

பருவம்: நோய் குளிர்காலக் கடைசியிலும் வசந்தத்திலும் வந்தது. கொரியக் குளிர்காலம் வறண்டது, தரைக்கு அடியில் சூடேற்றும் ஓண்டோல் முறையால் அறை இன்னும் வறளும். எனவே மாதக்கணக்கில் ஹியூமிடிஃபயர் ஓடும். சேதம் குளிர்காலம் முழுக்கச் சேர்ந்து, கடைசியில் வெளிப்படும்.

ஆட்கள்: கைக்குழந்தை, கர்ப்பிணி, பிரசவித்த தாய். நாளெல்லாம் வீட்டுக்குள், மூடிய அறையில், தலைமாட்டில் கருவியோடு இருப்பவர்கள்.

குடும்பம்: ஒரே வீட்டில் ஒன்றுக்கு மேற்பட்டவர்கள். தொற்றுநோய் போலத் தெரிந்தது. ஆனால் சிகிச்சை தந்த டாக்டர், நர்ஸ் யாருக்கும் ஒட்டவில்லை.

சிடி ஸ்கேன்: நுரையீரலின் மிகச்சிறிய மூச்சுக்குழல் முனைகளைச் சுற்றிப் புகைமூட்டம், நுரையீரலின் வெளி ஓரம் மட்டும் தப்பியிருக்கும். மூச்சோடு உள்ளே போன ஏதோ ஒன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான கையெழுத்து வேண்டியதில்லை.

ஏன் இவ்வளவு காலம் பிடித்தது? அந்த வேதிப்பொருட்களில் முக்கியமானது பிஎச்எம்ஜி. தோலில் படுவதையும் வாயால் உட்கொள்வதையும் வைத்துத்தான் அதன் பாதுகாப்பு பார்க்கப்பட்டது. மீயொலி ஹியூமிடிஃபயரோ தண்ணீரைக் கொதிக்க வைப்பதில்லை. அதிர வைத்து மிக நுண்ணிய துளிகளாக வீசுகிறது. கொதிக்கும் தண்ணீரின் ஆவியில் உப்பு வராது, அதிர்ந்து சிதறும் துளியில் கரைந்திருப்பது எல்லாம் வரும். துளி காய்ந்ததும் மிஞ்சும் துகள் நுரையீரலின் அடிவரை போகும். இதை மருத்துவ வரலாற்றில் கேட்டிருக்க வேண்டும். ஆனால் 'வீட்டில் என்னென்ன கருவி ஓடுகிறது, அதில் என்ன ஊற்றுகிறீர்கள்' என்ற கேள்வி எந்தக் கேஸ் ஷீட்டிலும் அச்சாகி இருக்கவில்லை.

ஆகவே "காரணம் தெரியவில்லை" என்று முடியும் அறிக்கைகளைப் படிக்கும்போது, கட்டுரை எதைச் சொல்கிறது என்பதோடு, எதைக் கேட்கவே இல்லை என்பதையும் ஓரத்தில் எழுதி வையுங்கள்: தொழில், வீடு, சமையல் புகை, நாட்டு மருந்து, செல்லப்பிராணி.

படி 4: இன்சூரன்ஸ் தரவை வைத்து எழுதப்பட்ட பெரிய ஆய்வுகள்

கொரியாவில் 2000-இல் எல்லா மருத்துவக் காப்பீட்டுச் சங்கங்களும் ஒரே தேசிய அமைப்பாக இணைந்தன. மக்களில் சுமார் 97% பேர் அதில். மீதிப்பேருக்கு அரசு மருத்துவ உதவித் திட்டம். ஆளுக்கொரு 13 இலக்க அடையாள எண். ஆக, யார் எந்த ஊரில் எந்த டாக்டரைப் பார்த்தாலும் பில் ஓரிடத்துக்கு வந்து சேரும். 2002-இன் மக்கள்தொகையிலிருந்து சுமார் 2%, அதாவது பத்து லட்சத்துச் சொச்சம் பேரை எடுத்து உருவாக்கிய மாதிரித் தொகுப்பை வைத்து மட்டுமே எண்ணற்ற கட்டுரைகள் வந்திருக்கின்றன.

இவற்றைப் படிக்கையில் 'முறைகள்' பகுதியில் நோயை எப்படி வரையறுத்தார்கள் என்பதற்கு நேரே போங்கள். பில்லில் எழுதிய நோய்க்குறியீடு பணத்துக்காக எழுதப்பட்டது. ஒரு பரிசோதனைக்குக் காசு கிடைக்க வேண்டுமென்றால் சந்தேகப்படும் நோயின் குறியீட்டைப் போட்டாக வேண்டும். பரிசோதனையில் நோய் இல்லையென்று வந்தாலும் குறியீடு கணினியில் நின்றுவிடும். 'ஒருமுறை குறியீடு வந்தால் நோயாளி' என்று எழுதியிருந்தால் நம்பிக்கையைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். குறியீட்டோடு அந்த நோய்க்கான மருந்துச் சீட்டும், அல்லது உள்நோயாளியாக அனுமதியும் கேட்டிருந்தால் பரவாயில்லை. புற்றுநோயில் இன்னும் உறுதியான வழி இருக்கிறது. புற்றுநோயாளி செலவில் 5% மட்டும் கட்டும் சலுகைக்குப் பதிவு செய்யும்போது 'வி193' என்ற குறியீடு விழும். அதற்கு டாக்டரின் உறுதிச் சான்று வேண்டும். இந்தக் குறியீட்டைப் பயன்படுத்திய ஆய்வுகளைக் கூடுதலாக நம்பலாம்.

இரண்டாவது ஓட்டை: காப்பீட்டில் வராத, நோயாளி கைக்காசில் செய்துகொள்ளும் எதுவும் இந்தத் தரவில் இல்லை. மூன்றாவது: எடை, ரத்த அழுத்தம், புகைப்பழக்கம் போன்ற விவரங்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை நடக்கும் பொதுப் பரிசோதனைக்கு வந்தவர்களுக்கு மட்டுமே உண்டு. பரிசோதனைக்குத் தவறாமல் வருபவர் பொதுவாக மற்றவரைவிட உடம்பைப் பார்த்துக்கொள்பவர்.

எண்ணிக்கை பெரிதானால் மிகச்சிறிய வித்தியாசமும் புள்ளியியல்படி 'முக்கியமானது' ஆகிவிடும். எடுத்துக்காட்டுக்கு, ஒரு மருந்து சாப்பிட்டவர்களில் 10,000-க்கு 24 பேருக்கும், சாப்பிடாதவர்களில் 20 பேருக்கும் நோய் வந்தது என்று வையுங்கள். தலைப்பில் '20% அதிக ஆபத்து' என்று வரும். உண்மையில் பத்தாயிரம் பேரில் கூடுதலாக நான்கு பேர். செய்தி எழுதுபவர்கள் இந்த இரண்டாவது எண்ணைத் தேடி எடுத்துப் போட வேண்டும்.

படி 5: ஸ்கிரீனிங் (அறிகுறி இல்லாதவர்களிடமும் நோயைத் தேடும் பரிசோதனை) சம்பந்தப்பட்ட எதையும் தைராய்டு கதையை வைத்து உரசிப் பாருங்கள்

கொரியா 1999-இல் தேசியப் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் தொடங்கியது. தைராய்டு அதில் கிடையாது. ஆனால் பரிசோதனைக்கு வந்தவரிடம் "30 முதல் 50 டாலர் கொடுத்தால் கழுத்துக்கும் அல்ட்ராசவுண்டு" என்று மருத்துவமனைகள் சேர்த்துக்கொண்டன. 2011-இல் தைராய்டு புற்றுநோய் கண்டறியும் வீதம் 1993-ஐப் போல 15 மடங்கு. அந்த ஆண்டில் மட்டும் 40,000-க்கு மேற்பட்டவர்களுக்குக் கண்டுபிடித்தார்கள். இறப்போ ஆண்டுக்கு 300-400 என்று நகரவே இல்லை.

2014-இல் அன் ஹியோங்-சிக் குழு நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் இதை வெளியிட்டது. அறுவை செய்துகொண்டவர்களில் 11% பேருக்கு, கால்சியத்தைச் சீராக்கும் பாராதைராய்டு சுரப்பியில் குறைபாடும், 2% பேருக்குக் குரல் நாண் முடக்கமும் வந்ததைக் காப்பீட்டுத் தரவே காட்டியது. விவாதம் சூடுபிடித்ததும் ஒரே ஆண்டில் அறுவைகள் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தன.

இங்கே ஏமாற்றும் எண் 'ஐந்தாண்டு உயிர்வாழ்வு வீதம்'. ஒருபோதும் தொல்லை தராத கட்டிகளை ஆயிரக்கணக்கில் கண்டுபிடித்தால் அது தானாக 100%-ஐ நெருங்கும். சிகிச்சை மேம்பட்டதாக அதற்கு அர்த்தமில்லை. லட்சம் பேருக்கு எத்தனை இறப்பு என்ற எண்ணை மட்டும் பாருங்கள்.

படி 6: அறுவைச் சோதனைகளில் கத்தி பிடித்தவர் யார்

ஆரம்பநிலை இரைப்பைப் புற்றுநோய்க்கு லேப்ராஸ்கோப்பி (சிறு துளைகள் வழியாகச் செய்யும் அறுவை) போதுமா என்பதைச் சோதித்த கிளாஸ்-01 ஆய்வில் 13 மருத்துவமனைகள், 1,416 நோயாளிகள். ஐந்தாண்டு உயிர்வாழ்வு லேப்ராஸ்கோப்பியில் 94.2%, திறந்த அறுவையில் 93.3%. ஒழுங்கான சோதனை, தெளிவான முடிவு. ஆனால் பங்கேற்ற ஒவ்வொரு சர்ஜனும் இரு முறையிலும் குறைந்தது 50 அறுவை செய்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. 40 வயதிலிருந்து இரண்டாண்டுக்கு ஒருமுறை எண்டோஸ்கோப்பி நடக்கும் நாட்டில் ஆரம்பநிலை நோயாளிகள் அத்தனை பேர் கிடைப்பார்கள், சர்ஜனின் கையும் பழகும். நோய் முற்றிய பிறகே ஆஸ்பத்திரிக்கு வரும் ஊரில், ஆண்டுக்கு நாலைந்து இரைப்பை அறுவை செய்யும் இடத்தில், அந்த 94.2-ஐ நோயாளியிடம் சொல்லக் கூடாது.

படி 7: நம் ஊருக்குக் கொண்டுவருவது

கொண்டுவரும் முன் கேட்க வேண்டியது: நோயைப் பரப்பும் வழி இங்கேயும் உண்டா? கல்லீரல் புழுவான குளோனார்கிஸ் பற்றிக் கொரியாவில் குவியல் குவியலாக அறிக்கைகள் இருக்கின்றன. நக்டோங் போன்ற ஆறுகளின் மீனைப் பச்சையாகச் சாப்பிடுவதால் வருவது. மீனைக் குழம்பாக்கியும் வறுத்தும் சாப்பிடும் நமக்கு, பித்தநாளப் புற்றுநோயின் காரணங்களில் அது பின்வரிசைதான்.

2015-இல் பரவிய மெர்ஸ் என்ற சுவாச வைரஸ் நோய் அதற்கு நேரெதிர். மத்திய கிழக்கிலிருந்து திரும்பிய ஒருவரில் தொடங்கி 186 பேருக்குப் பரவி 38 பேர் இறந்தார்கள். சியோலின் ஓர் அவசரப் பிரிவில் ஒரே நோயாளியிடமிருந்து 82 பேருக்குத் தொற்றியதை, சிசிடிவி பதிவுகளையும் மின்னணுக் குறிப்புகளையும் வைத்து மணி வாரியாகப் பிரித்துக் காட்டினார்கள். நெரிசலான கேஷுவல்டி, பல படுக்கை வார்டு, கூடவே தங்கிப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தார், பெரிய ஆஸ்பத்திரிதான் வேண்டும் என்று ஊர் ஊராகப் போவது. இந்தப் பட்டியலில் நமக்கு அந்நியமானது ஒன்றுமில்லை. அந்த ஆய்வின் தரைப்படத்தை எடுத்து உங்கள் கேஷுவல்டியின் மேல் வைத்துப் பார்க்கலாம்.

சிற்றுண்ணிப் பூச்சி கடித்து வரும் காய்ச்சலான ஸ்க்ரப் டைஃபஸ் இரண்டுக்கும் நடுவில். கொரியாவில் அது இலையுதிர்கால நோய், அக்டோபர்-நவம்பரில் உச்சம், அறுவடைக்கும் முன்னோர் கல்லறைப் புல் வெட்டவும் போகிறவர்களுக்கு வரும். வேலூர் பக்கத்து டாக்டர்களும் மழைக்குப் பிந்தைய குளிர்மாதங்களில் இதை நிறையப் பார்க்கிறார்கள். மருந்து இரு இடத்திலும் ஒன்றுதான், டாக்ஸிசைக்ளின். கொரியர்கள் எழுதிய ஒரு பயனுள்ள விவரம், பூச்சி கடித்த கறுத்த பொருக்கு எங்கே இருக்கும் என்பது. ஆண்களுக்குப் பெரும்பாலும் தொப்புளுக்குக் கீழே, பெண்களுக்கு மார்புப் பக்கம். ஆனால் வெளிர்ந்த தோலில் எடுத்த அந்தப் படங்களில் பொருக்கைச் சுற்றி இருக்கும் சிவப்பு வளையத்தை நம் நோயாளிகளிடம் தேடினால் கிடைக்காது. ஈரமான மடிப்புகளில் கறுப்புப் பொருக்கும் உரிந்துபோய் வெறும் வெளிறிய புண்ணாக நிற்கும். துணியை விலக்கி, நல்ல வெளிச்சத்தில், அக்குள், மார்பகத்தின் அடி, தொடை இடுக்கு, இடுப்புக் கயிறு கட்டும் இடம், காதின் பின்புறம் என்று விரலால் தடவிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.